காலில் ஒட்டிய மணல்

புத்தர் காலத்தில் சிராவஸ்தி நகரத்து அனாதபிண்டிகர் என்னும் பெருஞ்செல்வரின் வீட்டில் புண்ணிகை என்றோர் அடிமைப் பெண் இருந்தாள். விடியற்காலையில் ஆற்றில் இறங்கித் தண்ணீர் சுமந்து வருவது அவள் வேலை. பல்லைக் கிட்டும் பனிக்காலத்து விடியலொன்றில், நடுங்கிக்கொண்டே நீரில் முழுகி எழுந்துகொண்டிருந்த ஓர் அந்தணரை அவள் கண்டாள். தான் இந்தக் குளிரில் இறங்குவது எஜமானர் வீட்டாரின் அடிக்கும் வசவுக்கும் அஞ்சி. இவர் எதற்கு அஞ்சி இறங்குகிறார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றிற்று. செய்த பாவத்துக்கு அஞ்சி என்றார் அவர். முழுகினால் பாவம் கரையுமென்றால் தவளையும் ஆமையும் முதலையுமல்லவா முதலில் சுவர்க்கம் புக வேண்டும் என்றும், பாவத்தை அடித்துச் செல்லும் ஆறு அதே வேகத்தில் புண்ணியத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வீர் என்றும் அவள் கேட்டாள். பிற்காலத்தில் பிக்ஷுணியாகி ஞானம் பெற்ற இந்தத் தண்ணீர்க்காரியின் வாக்கு, தேரிகாதை என்னும் பாலி நூலில் இடம்பெற்று, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் கூர்மை மழுங்காமல் இருக்கிறது.

அந்த வாக்கைத் தன் மறையின் ஓர் அங்கமாகப் போற்றும் தேரவாத பௌத்தம், இன்றும் அரசரோடும் குடிகளோடும் பின்னிப் பிணைந்து கிடக்கும் நாடு தாய்லாந்து. அந்நாட்டின் ஆகப் பெரிய திருவிழாவோ, ஊரே தெருவில் இறங்கி, தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதமின்றி ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் வார்த்துக்கொள்ளும் விழா! நீரால் எதுவும் கழுவப்படாது என்று சொன்ன சமயத்தார், ஆண்டுக்கொரு முறை இத்தனை நீரை எதற்காக வாரி இறைக்கிறார்கள்? உண்மையைச் சொன்னால், இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நான் அங்கே போகவில்லை. மற்றப் பிரயாணிகளைப் போல வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கேள்வி அங்கே போய் நனைந்த பிறகு முளைத்தது.

விழாவின் பெயர் சொங்க்ரான். நம்முடைய சங்கிராந்தி என்னும் சொல்தான் அந்நாட்டு நாவில் உருண்டு அப்படி ஆயிற்று. சூரியன் மீன ராசியை விட்டு மேஷத்தில் அடியெடுத்து வைக்கும் வேளையே அவர்களுக்கும் ஆண்டுப் பிறப்பு. நம் வீடுகளில் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் ஒரே கிண்ணத்தில் கூடும் சித்திரை முதல் நாளும், சியாங் மாயில் ஒருவன் முகத்தில் குடம் நீர் வந்து விழும் நாளும் ஏறக்குறைய ஒன்றாய் இருப்பது தற்செயலன்று. இரண்டும் ஒரே கணிதத்தின் பிள்ளைகள். பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதத்து நாளை விட்டுவிட்டு, நக்ஷத்திரங்களை வைத்து ராசியை அளக்கும் பழைய முறையைக் கைவிடாததால், அயனாம்சத்தின் 24 பாகை நம்மையும் அவர்களையும், பர்மியரையும், லாவோஸ், கம்போடிய நாட்டினரையும், இலங்கையரையும் சேர்த்தே ஏப்ரல் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இத்தனை ஜனங்கள் சேர்ந்து ஒரே தவற்றைச் செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. அதைத் தவறு என்று யாரும் சொல்வதில்லை.

அரசாங்கத்தின் காலண்டர் இந்த நாளைக் கொஞ்சம் அலைக்கழித்துத்தான் பார்த்தது. 1889இல் சுலாலங்கோர்ன் மன்னர் ஆண்டுப் பிறப்பை ஏப்ரல் 1 என்று நிலைப்படுத்தினார். பிபுன் சொங்க்ராமின் ஆட்சி 1941 முதல் அதை ஜனவரி 1க்கு மாற்றியது. அம்மாற்றத்தின் பயனாகப் புத்த சகாப்தம் 2483 ஏப்ரலில் பிறந்து டிசம்பரோடு முடிந்து, ஒன்பது மாதமே ஜீவித்த அற்பாயுள் ஆண்டாகப் போயிற்று. ஜனங்கள் புதிய புத்தாண்டையும் ஏற்றுக்கொண்டார்கள், பழையதையும் விடவில்லை. ஏப்ரல் 13, 14, 15 என்று மூன்று நாட்களை அரசே இன்று விடுமுறையாகக் கொடுக்கிறது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனமும் இவ்விழாவை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

விழாவுக்கு ஒரு கதை உண்டு. பாங்காக்கில் வாட் போ என்னும் பெரும் விகாரத்தில், மூன்றாம் இராம மன்னரின் காலத்தில் கல்லில் பொறித்து வைத்த கதை அது. பறவைகளின் பாஷை அறிந்த தர்மபால குமாரன் என்னும் இளைஞனிடம் கபில மகாபிரம்மா மூன்று புதிர்களைப் போட்டு, ஏழு நாளில் விடை சொன்னால் என் தலை உனக்கு, சொல்லாவிட்டால் உன் தலை எனக்கு என்று பந்தயம் கட்டினார். மனிதனின் ஸ்ரீ காலையில் எங்கே வாசம் செய்கிறது, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே என்பவையே புதிர்கள். ஆறு நாள் யோசித்தும் பிடிபடாமல், சாகிறவன் எங்கே கிடந்து செத்தால் என்ன என்று அவன் பனைமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மரத்தின் மேலிருந்த கழுகு தன் பேடையிடம், நாளை நமக்கு இவன் மாமிசம்தான் என்று சொல்லிக்கொண்டே விடையையும் உளறிவிட்டது. காலையில் ஸ்ரீ முகத்தில் இருக்கிறது, அதனால் மனிதர் முகம் கழுவுகிறார்கள். நண்பகலில் மார்பில், அதனால் அங்கே வாசனை நீர் பூசிக்கொள்கிறார்கள். மாலையில் பாதத்தில், அதனால் படுக்கப்போகுமுன் கால் கழுவுகிறார்கள். இந்தக் கதையை எழுதியவரை நான் வணங்குகிறேன். ஸ்ரீ எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, தண்ணீர் எங்கே படுகிறதோ அங்கே என்று விடை சொல்லத் தத்துவ சாஸ்திரிகள் யாருக்கும் துணிவு வந்திராது.

கதை அங்கே முடியவில்லை. பந்தயத்தில் தோற்ற பிரம்மா தலையைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்தத் தலை மண்ணில் விழுந்தால் உலகம் தீப்பற்றும். வானில் எறிந்தால் மழை பொய்க்கும். கடலில் போட்டால் கடல் வற்றும். ஆகவே தம் ஏழு பெண்களையும் அழைத்து, அதைத் தட்டில் ஏந்திக்கொள்ளச் சொன்னார். பெண்கள் அதை மேருவை வலமாகச் சுற்றிவந்து கைலாசத்துக் குகையொன்றில் வைத்தார்கள். அன்று முதல் ஆண்டுக்கொருத்தியாக, சொங்க்ரான் பிறக்கும் கிழமைக்கு உரியவள், தகப்பன் தலையை எடுத்துக்கொண்டு ஊர்வலம் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குரியவள் கருடன் மேல், வியாழனுக்குரியவள் யானை மேல், சனிக்குரியவள் மயில் மேல். எந்த வாகனத்தில் வருகிறாள், என்ன புசிக்கிறாள், கையில் என்ன ஆயுதம் என்பவற்றைக் கொண்டு அவ்வாண்டின் மழையையும் விளைச்சலையும் கணிக்கிறார்கள். மகர சங்கிராந்தி புருஷன் இன்ன வாகனத்தில் இன்ன ஆபரணத்தோடு வருகிறான் என்று நம் பஞ்சாங்கம் அச்சிடுவதைச் சிறு வயதில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள், பாங்காக்கின் கடைவாசல்களில் தொங்கும் இந்தப் பெண்களின் படத்தைக் கண்டால் அந்நியமாக நினைக்க மாட்டார்கள்.

பந்தயம் கட்டியவர் தகப்பன். வென்றவன் யாரோ ஓர் இளைஞன். தலையைத் தூக்கிச் சுமப்பதோ, பந்தயத்தைக் கட்டவும் செய்யாத, தோற்கவும் செய்யாத பெண்கள். இதை வெறும் கதைப்போக்கு என்று அப்போது விட்டுவிட்டேன்.

சியாங் மாய் 1296இல் மங்ராய் மன்னன் அமைத்த நகரம். நாற்புறமும் அகழி சூழ்ந்த சதுரம். 13ஆம் தேதி காலையில் அந்த அகழியே ஆயுதசாலையாகிவிடுகிறது. கயிறு கட்டிய வாளியை இறக்கி அகழி நீரை மொண்டு, வருவோர் போவோர் மீதெல்லாம் வீசுகிறார்கள். திறந்த வண்டிகளின் பின்புறத்தில் பீப்பாய்களை ஏற்றி, அவற்றில் ஐஸ் பாளங்களை மிதக்கவிட்டு, குடும்பம் குடும்பமாகச் சுற்றிவருகிறார்கள். ஏப்ரல் வெயிலில் வெந்துபோய் நடப்பவன் முதுகில் அந்த ஐஸ் தண்ணீர் விழும்போது, உயிர் ஒரு கணம் உடம்பை விட்டுப் போய் யோசித்துத் திரும்பி வருகிறது. கைபேசியைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கழுத்தில் மாட்டியிருந்த நான், கண்ணியமாக ஓரமாய் நடந்தால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணியது எவ்வளவு பேதைமை என்பதை அரை நாழிகையில் அறிந்தேன். ஒரு சிறுமி என் இரு கன்னங்களிலும் வெண்மண் குழம்பைத் தடவி, கைகூப்பி வணங்கி, பிறகே வாளியைக் கவிழ்த்தாள். அந்த வணக்கத்துக்காகவே எதையும் மன்னிக்கலாம்.

மறுநாள் நானும் ஒரு நீர்த்துப்பாக்கி வாங்கினேன் என்பதை மறைப்பது நேர்மையாகாது. முன்பின் அறியாத வெள்ளைக்காரர் ஒருவரை முழங்கால் முதல் தலை வரை நனைத்துவிட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார். பாங்காக்கில் காவ் சான் தெருவிலும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் நிற்கும் சீலோம் சாலையிலும் இதே கூத்து இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. மழைக்கும் குளிர்ச்சிக்கும் உரியவளான மாரி குடியிருக்கும் தெருவே இந்த நீர்ப்போருக்குக் களமாக வாய்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் அந்தச் சிரிப்பு என்னுள் அதிக நேரம் தங்கவில்லை. அவரிடம் எனக்கு ஒரு பாக்கியும் இல்லை, என்னிடம் அவருக்கும் இல்லை. நீர் மட்டும் நடுவே போய்வந்தது. யாத்திரிகன் வாங்குவது பெரும்பாலும் இவ்வளவுதான். நனைகிறான், உலர்கிறான், ஊர் திரும்புகிறான். இதைக் கொச்சை என்று பழிக்கவும் எனக்கு மனமில்லை. அதிகாரியும் கூலிக்காரனும் ஒரே அளவில் சொட்டச் சொட்ட நிற்கும் தெருவில், ஆண்டு முழுவதும் அணிந்திருந்த அந்தஸ்து ஈரத்துணியாய்த் தொங்குவதைப் பார்ப்பதில் ஒரு தர்மம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தக் களிப்பின் நிழலையும் சொல்லியாக வேண்டும். விழாவை ஒட்டிய வாரத்துக்கு அந்நாட்டில் ‘ஆபத்தான ஏழு நாட்கள்’ என்றே பெயர். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதாலும், மிதமிஞ்சிய வேகத்தாலும், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் அந்த ஏழு நாட்களில் சாலையில் மடிகிறார்கள். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்களை மோதியவர் யாரும் கொல்ல வேண்டும் என்று நினைத்து மோதியவரல்லர். நினையாமல் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது?

14ஆம் தேதிக்கு வடநாட்டுத் தாய் மக்கள் ‘வன் நாவ்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அழுகும் நாள் என்று பொருள் சொல்கிறார்கள். பழைய ஆண்டு முடிந்து புதியது இன்னும் பிறவாத இடைவெளி அது. அன்று யாரையும் வைதால் வைதவன் வாய் ஆண்டு முழுவதும் நாறும் என்பது நம்பிக்கை. அன்று மாலை பிங் ஆற்றின் கரையிலிருந்து ஜனங்கள் கூடைகளிலும் வாளிகளிலும் மணல் எடுத்துக்கொண்டு விகாரங்களுக்குப் போவதைக் கண்டேன். விகாரத்தின் முற்றத்தில் அந்த மணலைக் கொட்டி, நீர் தெளித்துப் பிசைந்து, சிறு சிறு சைத்தியங்களாகக் குவித்து, உச்சியில் வண்ணக் காகிதக் கொடிகளை நட்டார்கள். குழந்தைகள் கட்டியவை சாய்ந்தும், கிழவர்கள் கட்டியவை நிமிர்ந்தும் இருந்தன. எதற்கு இது என்று கேட்டதற்கு, நான் தங்கியிருந்த விடுதிக்காரரின் மகள் வெகு சாதாரணமாகச் சொன்னாள்: ஆண்டு முழுவதும் கோயிலுக்கு வந்து போகிறோம்; போகும்போது ஒவ்வொரு முறையும் காலில் கொஞ்சம் கோயில் மண் ஒட்டிக்கொண்டு வருகிறது; அது கோயில் சொத்து; அதைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

நான் அங்கேயே முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பௌத்தம் படித்தவனுக்கு இது சுலபமாகத் தொண்டையில் இறங்காது. எண்ணமே வினை என்பது புத்தர் வகுத்த இலக்கணம். சேதனை இல்லாத இடத்தில் கர்மம் இல்லை. உடலின் செயலே கனத்தது என்று வாதித்த நிகண்டரை, அதாவது சமணரை, மறுத்து, மனத்தின் செயலே கனத்தது என்று அவர் நிலைநாட்டியதை உபாலி சூத்திரம் விரித்துரைக்கிறது. தம்மபதத்தின் முதல் பாட்டுக்கு உரைகாரர் சொல்லும் கதையோ கால்களைப் பற்றியதே. சக்குபாலர் என்னும் பார்வையிழந்த தேரர் மழை விட்ட இரவில் உலாவியபோது, மண்ணிலிருந்து வெளிப்பட்ட பூச்சிகள் அவர் காலடியில் நசுங்கி மாண்டன. காலையில் அதைக் கண்ட பிக்ஷுக்கள் புத்தரிடம் போய் முறையிட்டார்கள். அவர் மிதித்ததை நீங்கள் கண்ணால் கண்டீர்களா என்று புத்தர் கேட்டார், இல்லை என்றார்கள். நீங்கள் அவரைக் காணாதது போலவே அவரும் பூச்சிகளைக் காணவில்லை, கொலை எண்ணம் இல்லாதவருக்குக் கொலைப் பாவம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. உயிர்களை மிதித்த காலுக்கே பாவம் இல்லையென்றால், ஒரு துளி மணலை ஒட்டிக்கொண்டு வந்த காலுக்கு என்ன பாவம்? அதற்கு ஏன் இத்தனை கூடைகள்?

நெடுநேரம் யோசித்ததில், எனக்கு விடை வேறெங்கிருந்தும் வரவில்லை, சொந்த பாஷையிலிருந்து வந்தது. தமிழில் கடன் என்ற ஒரே சொல் வாங்கியதையும் குறிக்கும், செய்ய வேண்டியதையும் குறிக்கும். வட்டிக்கடைக்காரனிடம் பட்டதும் கடன், தாய் தகப்பனுக்குச் செய்வதும் கடன். பாவத்துக்குக் கர்த்தா வேண்டும், எண்ணம் வேண்டும், அறிவு வேண்டும். கடனுக்கு இவை ஒன்றும் வேண்டாம். அது நம்மை அறியாமல் ஏறுகிறது. பிறக்கும்போதே கொஞ்சத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறோம். தர்க்கத்தில் தேர்ந்த ஒரு சமயம், எண்ணத்தையே தராசாக வைத்துப் பாவத்தை நிறுத்துவிட்டது, நன்று. ஆனால் தராசுத் தட்டில் ஏறாமல் காலில் ஒட்டிக்கொண்டு போனவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மிஞ்சிற்று. அந்த மிச்சத்தைப் பண்டிதர்கள் கவனிக்காமல் விட்டார்கள். கூடையோடு வந்த கிழவிகள் கவனித்துக்கொண்டார்கள். தகப்பன் கட்டிய பந்தயத்தின் தலையை ஏழு பெண்கள் ஏன் சுமக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கிற்று. அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்தத் தலையைக் கீழே போட்டால் உலகம் எரியும், அவ்வளவே.

மணல் புரிந்தது. நீர்? மூன்று நாளும் பார்த்தவரையில், இந்த விழாவின் பழைய பகுதிகளில் எதிலும் நீர் அழுக்கைக் கழுவவில்லை. முதல் நாள் வாட் பிரா சிங் விகாரத்திலிருந்து பிரா சிங் என்னும் புத்தர் திருமேனி தேரில் வருகிறது; இலங்கையிலிருந்து வந்தது என்று ஐதிகம் கூறும் அத்திருமேனி மீது, இருமருங்கும் நிற்போர் வெள்ளிக் கிண்ணங்களிலிருந்து மணநீரை வீசுகிறார்கள். புத்தர் மேல் என்ன அழுக்கு? கழுவுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில்தான் நீரை அத்தனை பக்தியோடு சொரிகிறார்கள். பிக்ஷுக்களுக்கு அன்னமிட்டபின், அவர்கள் மங்களம் ஓதும்போது, இல்லறத்தார் ஒரு சிறு குவளையிலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு நீரை இழையாக வார்க்கிறார்கள். பிறகு அதைக் கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றுகிறார்கள். செய்த புண்ணியம் இறந்துபோனவர்களைச் சென்று சேர அது வழியாம். நீர் வார்க்காமல் எதையும் கொடுத்ததாகாது என்பது நமக்குப் புதிதா? பெண்ணைக் கொடுப்பதானாலும் நிலத்தைக் கொடுப்பதானாலும் தாரை வார்த்துத்தானே கொடுத்தோம்! தாய்லாந்து மண்ணில் தமிழர் விட்டுச்சென்ற பழைய எழுத்துகளில் ஒன்றான, தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும், அவனிநாரணம் என்னும் ஒரு குளத்தைத் தோண்டி மணிக்கிராமத்து வணிகர்களின் பாதுகாவலில் வைத்ததைத்தான் சொல்கிறது.

பாங்காக்கில் சனாம் லுவாங் மைதானத்தின் அருகே பூமாதேவியின் சிலை ஒன்று உண்டு. மே தொரணி என்பார்கள், தரணிதான். 1917இல் அரசமாதா சாவோபா, வழிப்போக்கர் குடிக்க நீரூற்றாக அமைத்துக் கொடுத்தது. தரணி தன் நீண்ட கூந்தலை இரு கையாலும் பிழிகிறாள். கூந்தல் நுனியிலிருந்து நீர் வருகிறது. போதிமரத்தடியில் மாரன் படையோடு வந்து, நீ தானம் செய்ததற்கு யார் சாட்சி என்று அறைகூவியபோது, போதிசத்துவர் பூமியைத் தொட்டார். பிறவிதோறும் அவர் தாரை வார்த்த நீர் முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் கூந்தலில் சேர்த்து வைத்திருந்த தரணி எழுந்து, அதைப் பிழிந்தாள். மாரன் படை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. பாங்காக்கின் குடிநீர் வாரியம் அவளையே தன் சின்னமாக வைத்திருக்கிறது. தண்ணீர்க் கட்டண ரசீதில் இத்தனை பெரிய சாட்சியின் படத்தைப் போட வேறு எந்த ஊருக்குத் துணிவு வரும்! இந்தத் தரணியைக் கண்டபின் புண்ணிகையோடு எனக்கிருந்த வழக்கு பாதி தீர்ந்துவிட்டது. ஆறு பாவத்தை அடித்துச் செல்லும் என்பதைத்தான் அவள் மறுத்தாள். நீர் எதையும் மறப்பதில்லை, ஒரு சொட்டும் விடாமல் நினைவில் வைத்துக்கொள்கிறது என்று சொல்பவர்களோடு அவளுக்கு என்ன சண்டை?

15ஆம் தேதி ‘வன் பயா வன்’. புதிய ஆண்டு அரியணை ஏறும் நாள். விடுதிக்காரரின் தாயாருக்கு எண்பதைக் கடந்த வயது. வீட்டார் அவரை மே உய், அதாவது பாட்டி, என்று அழைத்தார்கள். காலையிலிருந்தே மக்களும் பேரர்களும் மருமக்களும் வந்துகொண்டிருந்தார்கள். மர வீட்டின் தாழ்வாரத்தில் பாட்டியை உட்காரவைத்து, எதிரே எல்லோரும் காலை மடக்கி அமர்ந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் நீர். அதில் பூவிதழ்கள் மிதந்தன, கூடவே தணலில் வாட்டிய ஏதோ காய்கள். அதன் வாசனை எனக்கு எட்டியவுடனே திடுக்கிட்டேன். எண்ணெய் ஸ்நானத்து வாசனை! வெள்ளிக்கிழமைக் காலைகளில் என் பாட்டி வெந்நீர் அண்டாவின் பக்கத்தில் குழைத்து வைத்த சீயக்காயின் வாசனை! கேட்டால் சொம்பொய் என்றார்கள். செடி ஒன்றுதான், பெயர்தான் வேறு. இந்தச் சடங்குக்கு ‘தம் ஹுவா’ என்று பெயர், தலைமுழுக்கு என்றே அர்த்தம். பெயர் தலைமுழுக்காயினும் யாரும் பாட்டியின் தலையில் ஊற்றவில்லை. கிண்ணத்தை ஏந்திக் கொடுத்தார்கள். அவர் விரல் நனைத்துத் தாமே தம் நரைத்த தலையில் தடவிக்கொண்டார். எஞ்சியதை எதிரே இருந்தவர்கள் மேல் தெளித்தார்.

அதற்குமுன் மூத்த மகன் எல்லோருக்குமாக ஒன்று சொன்னார். அதன் பெயர் ‘கோ கமா’. கமா என்பது க்ஷமையேதான். உடலாலும் வாக்காலும் மனத்தாலும், அறிந்தும் அறியாமலும், முன்னிலையிலும் மறைவிலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்பது அதன் சாரம் என்று பேத்தி என் காதில் சொன்னாள். அறிந்தும் அறியாமலும்! சபரிமலைக்கு மாலையிட்டவர்கள் உரத்த குரலில் சொல்லக் கேட்டே வளர்ந்த வார்த்தை. அறிந்து செய்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்பது எனக்குப் புரிகிறது. அது கணக்கில் இருக்கிறது. அறியாமல் செய்தவற்றுக்கு எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது? மன்னிப்பவருக்குத்தான் எதை மன்னிக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

விருந்தாளியானாலும் நீங்களும் வாருங்கள் என்று அழைத்தார்கள். மூன்று நாளாக ஈரக் காலோடு அந்த மரத்தரையில் எத்தனை முறை நடந்திருப்பேன், எந்தப் பூஜை மாடத்துக்கு எதிரே காலை நீட்டியிருப்பேன், யாருடைய தூக்கத்தை எந்த நள்ளிரவில் கலைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கிண்ணத்தை ஏந்தி, தமிழிலேயே, அறிந்தும் அறியாமலும் என்று சொன்னேன். பிறகு மனம் கேட்காமல், நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டுச் சொல் அம்மா என்றேன் பேத்தியிடம். அவள் கேட்டாள், பாட்டி பொக்கை வாய் தெரியச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். “பாட்டிக்குத் தெரியாதாம் ஐயா. உங்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்திருக்கலாம், வருஷத்தில் ஒரு நாள் வைக்க வேண்டியதில்லை என்கிறார்.”

தெளித்த கையோடு பாட்டி இரு கையையும் கூப்பி மீண்டும் ஏதோ சொன்னார். இம்முறை மொழிபெயர்ப்பு கொஞ்சம் தாமதித்து வந்தது. தம் பக்கத்தில் நேர்ந்த குறைகளையும் நாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். பிக்ஷுக்கள் மூத்த தேரரிடம் க்ஷமை கேட்கும்போது, நான் பொறுத்தேன், நீங்களும் என்னைப் பொறுக்க வேண்டும் என்று தேரரும் திருப்பிக் கேட்பார் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்தபோது அதை வெறும் மரியாதை என்றே எண்ணியிருந்தேன். எண்பது வயதுக்காரி ஒருத்தி, முந்தாநாள் வந்து நாளை போகிற ஓர் அந்நியனைப் பார்த்து அதைக் கேட்டபோது, எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. பேத்திதான் என் சார்பில் ஏதோ சொல்லி ஒப்பேற்றினாள். தலையிலிருந்து சீயக்காய் நீர் கழுத்தில் இறங்கிற்று. ஐஸ் பீப்பாய்களெல்லாம் செய்யாததை அந்த நாலு சொட்டு செய்தது.

16ஆம் தேதி காலை, ஊர் திரும்புமுன், மணல் கொட்டிய விகாரத்துக்கு மறுபடி போனேன். தெருக்கள் உலர்ந்திருந்தன, அகழி ஓரத்தில் உடைந்த நீர்த்துப்பாக்கிகளைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் சைத்தியங்கள் பாதி உதிர்ந்து, காகிதக் கொடிகள் சாய்ந்து, ஒரு நாய் அவற்றில் குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படுத்திருந்தது. இளம் பிக்ஷு ஒருவர் மண்வெட்டியால் மணலை இழுத்து முற்றத்தின் பள்ளங்களில் நிரவிக்கொண்டிருந்தார். முந்தாநாள் கடனாகத் திரும்பி வந்தது இன்று நடைபாதையாகிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே நடந்து உள்ளே போய், வணங்கி, அதன் மேலேயே நடந்து வெளியே வந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டப்போனபோது இரு பாதங்களிலும் ஈர மணல் அப்பியிருந்தது. தட்டிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். நான் உட்கார்ந்திருந்ததோ சரியாக வாசலின் நடுவில்; தட்டினால் அது கோயிலுக்கு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று தெரியவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.